பூவரசந்தீவுக்குப் போக ஒரு காரியம்

கஸ்தூரியம்மாள் பிறந்தது ஜெயமங்கலம், வாக்கப்பட்டது கூடலூர். நாற்பது வயசுக்குள் எத்தனை தடவை பஸ் ஏறியிருக்கிறாள் என்று கேட்டால், ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க மூன்று தடவை. கோம்பைக்கு நாலு சாவு, ரெண்டு சடங்கு. பெரியகுளத்தில் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. தேனிக்குப் பம்புசெட்டு வாங்கப் போனது, அதுவும் புருசன் முதுகுக்குப் பின்னால் நின்றதோடு சரி. எல்லாவற்றுக்கும் ஒரு காரியம் இருந்தது. காரியம் இல்லாமல் ஒருத்தி செருப்பை மாட்டினால் அந்த வீட்டில் நாலு வாய் கேள்வி கேட்கும். முதல் வாய் அவள் புருசன் ராக்கையாவுடையது.

ராக்கையா கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார், பிள்ளைகளை வையமாட்டார். லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துவிட்டு இறங்கி வருகிற தண்ணீர் அவர் வயலைத் தொட்டுக்கொண்டுதான் கம்பத்துக்குப் போகும். உழ, நட, அறுக்க, விற்க என்று அந்தத் தண்ணீரோடு ஓடுவார். அதற்கு வெளியே எதைச் சொன்னாலும் "என்ன காரியமா?" என்பார். சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் அதே கேள்விதான். சினிமாவுக்கு என்ன காரியம் சொல்ல? அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

வினை ஒரு கருவாட்டுக் கூடைக்குள்ளிருந்து வந்தது. எழுபத்துமூன்றாம் வருசம், தை மாசம். கீழக்கரைப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பிச்சையம்மாள் என்று ஒரு கருவாட்டுக்காரி மாசத்துக்கு ஒரு தடவை கம்பம் சந்தைக்கு வருவாள். அவள் அள்ளிப் போட்ட நெத்திலிக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பி கிடந்தது. உள்பக்கம் இளஞ்சிவப்பு. கஸ்தூரியம்மாள் அதை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க கெடக்கும்?"

"பூவரசந்தீவுல. எங்க ஊர்லேருந்து படகுல அரை மணி. மணலு அரிசி மாவாட்டம் இருக்கும் ஆத்தா. முழங்கால் தண்ணியிலயே ரெண்டு வயக்காட்டுத் தூரம் நடக்கலாம். குனிஞ்சு பாத்தா உன் கால் வெரல எண்ணிரலாம். ஒருக்கா குடும்பத்தோட வா, பிள்ளைகளத் திரும்ப இழுத்துக்கிட்டு வரத்தான் நீ பாடுபடணும்."

"கோயிலு இருக்கா?"

"கோயிலுமில்ல, கொளமுமில்ல. ஒரு வீடு கெடையாது."

"சந்தை?"

"நண்டுக கூடி வேணா சந்தை போடும்."

"பெறகு எதுக்குப் போவாக?"

பிச்சையம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சும்மாதான்" என்றாள்.

சும்மா! இந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டுதான் கஸ்தூரியம்மாள் வீடு திரும்பினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு ரெண்டு தடவை விழுந்தது. ஒரு ஊருக்குச் சும்மா போகலாம் என்பது நாற்பது வயசு வரைக்கும் அவளுக்கு யாரும் சொல்லாத சங்கதி. சொல்லிக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? ஆசை வெட்கமறியாது. ஒரே ஒரு தடவை, யாரும் சாகாமல், யாருக்கும் கல்யாணமாகாமல், தன் ஆசைக்கென்று ஒரு இடத்துக்குப் போய் நிற்கவேண்டும். இது நடக்காவிட்டால் தான் பிறந்ததற்கே ஒரு அர்த்தம் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

வீட்டில் பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் அஞ்சு. தன்னைத் தவிர எல்லாரையும் கிளப்ப வேண்டும். ஆளுக்கொரு காரியம் தேடினாள். கொழுந்தன் சுருளியாண்டி தூண்டில் பைத்தியம். வாய்க்காலில் கெண்டை பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தால் அவனை எழுப்ப அவன் பெண்டாட்டிதான் போகவேண்டும்.

"தம்பி, அந்தத் தீவுல மீனு காலக் கடிக்குதாம். தூண்டில் போட்டா எடுக்கக் கை பத்தாதாம்" என்றாள்.

"மதினி, நெசமாவா?" என்று அவன் வாய் திறந்ததோடு சரி, அன்றைக்கே நூல் முறுக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் பெண்டாட்டி அக்கம்மாளுக்கு மூட்டுவலி. அவளிடம், கடல் மணலில் முழங்காலைப் புதைத்து வைத்தால் வலி பறந்துவிடும் என்று பிச்சையம்மாள் சொன்னதாகச் சொன்னாள். பிச்சையம்மாள் அப்படிச் சொல்லவே இல்லை. "அக்கா, கூட்டிட்டுப் போனா உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அக்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குக் காரியமே வேண்டியதில்லை. ரயில் என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். கடைக்குட்டி சோணை, ஆறு வயசு, அன்றைக்கிருந்து வாசலில் கூவென்று கத்திக்கொண்டே ஓடியது.

மிச்சம் ராக்கையா. அவரிடம் பேசுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"தீவா? என்ன காரியமா?"

"காத்து நல்லாருக்குமாம்."

"நம்ம மலைக்காத்துக்கு என்ன கொறச்ச?"

"பிள்ளைக கடலப் பாத்ததில்ல."

"நான்கூடப் பாத்ததில்ல. செத்தா போயிட்டேன்?"

"உப்பு வெளையுற எடத்தப் பாக்கலாம்."

"உப்பு கடையில விக்குது."

கடைசியில் அவரே இறங்கி வருகிற மாதிரி ஒன்று சொன்னார். "தீவுதான் பாக்கணும்னா ராமேசுவரம் போவம். அதுவும் தீவுதான? அப்பனுக்குப் பிண்டம் வச்ச மாதிரியும் ஆச்சு."

"வேணாம்" என்றாள் கஸ்தூரியம்மாள். இருபத்திரண்டு வருசத்தில் அவள் சொன்ன முதல் வேணாம் அது. "அங்கன போனா இருபத்திரெண்டு தீர்த்தத்துல முங்கச் சொல்லுவாக. பிண்டம் வைக்கணும், ஐயருக்குக் குடுக்கணும். ஒரு நிமிசம் சும்மா உக்கார விடுவாகளா? பூவரசந்தீவுல யாரும் எதுவும் கேக்கமாட்டாக."

ராக்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். "கருப்பன்கிட்டப் பூப் போட்டுப் பாப்பம். வெள்ளை வந்தா போவம். செகப்பு வந்தா இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, ஆமா."

அவர்கள் வயல் வரப்பில் கருப்பசாமி இருக்கிறார். கிணறு வெட்டுவதிலிருந்து மாடு பிடிப்பது வரைக்கும் அந்தக் குடும்பத்தில் எதற்கும் அவரைக் கேட்பார்கள். ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. வீட்டுக்கு மூத்தவள் தலைக்குக் குளித்துவிட்டு, யாரும் பார்க்காமல் கட்டிக்கொண்டு வருவாள். பொட்டலத்தைச் சாமி காலில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. வாய்க்காலில் விட்டுவிட வேண்டும்.

மூத்தவள் கஸ்தூரியம்மாள்தான். வெள்ளிக்கிழமை காலையில் ஈரத்தலையோடு நந்தியாவட்டைச் செடியில் ஒரு கை பூப் பறித்தாள். செவ்வரளிப் பக்கம் போனாள். கை நீண்டது, பூவைத் தொட்டது, திரும்பி வந்தது. மறுபடியும் நீண்டது.

"கருப்பா, நீ வருசத்துக்கு ஒரு கெடா தவறாம வாங்கிக்கிடுற. உனக்குப் புடிச்சது கெடா. எனக்குப் புடிச்சதை நான் யார்ட்டக் கேக்க?" என்று செடியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நந்தியாவட்டைக்கே திரும்பிப் போய் இன்னொரு கை பறித்தாள்.

ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளை. ஐயையோ, எவ்வளவு பெரிய காரியம் பண்ணிவிட்டாள் பாருங்கள்! அரிவாள் வைத்துக்கொண்டு நிற்கிற சாமியிடம்!

சோணை ஒரு பொட்டலத்தை எடுத்தது. ராக்கையா பிரித்தார். வெள்ளை! சுருளியாண்டி துண்டை எறிந்து குலவை போடாத குறையாகக் கத்தினான். பிள்ளைகள் வரப்பிலிருந்து சேற்றில் குதித்தன. கஸ்தூரியம்மாளுக்கு மட்டும் கண் மற்றப் பொட்டலத்தின் மேலேயே இருந்தது. தானே எடுத்து வாய்க்காலில் விடலாம் என்று குனிந்தாள். அதற்குள் ராக்கையா அதை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்கு நடந்தார். அவர் போய், நின்று, திரும்பி வருகிற வரைக்கும் அவளுக்கு மூச்சு இல்லை. வெறுங்கையோடு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "பங்குனி அறுப்பு முடியட்டும்" என்றார்.

பங்குனி அறுப்பு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினார்கள். ஒன்பது பேரும் கிளம்பினார்கள். அடேயப்பா, அந்த மூட்டை முடிச்சைப் பார்க்கவேண்டுமே! அரிசி, புளி, கருப்பட்டி, ஒரு டின் முறுக்கு, உரித்த தேங்காய் பத்து, சோறு பொங்க மூன்று பித்தளைத் தவலை, ஒரு கட்டு விறகு. சுருளியாண்டி தூண்டில் புழுத் தோண்ட மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டான். தேனி ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்கிறவர், "அணை கட்டவா போறீக?" என்று கேட்டார். "இல்லங்க, தீவுக்கு" என்றது சோணை. மதுரை வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டி நீட்டி ஒன்பது முகமும் கரியாகிவிட்டது. ராக்கையா மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரயிலோரத்து வயல்களில் எது காய்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டு வந்தார்.

மதுரையில் ரயில் மாறி, ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, பிச்சையம்மாள் வீட்டில் ராத் தங்கி, காலையில் கரைக்கு வந்தார்கள். வலை இழுக்கப் போகிற ஒருவர் படகில் ஏற்றிக்கொண்டார். தவலை மூன்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார். "எல்லாம் எடுத்தாச்சு" என்றார்கள் நாலு பேரும் ஒரே வாயாக. அவர் இவர்களைத் தீவில் இறக்கிவிட்டு, அந்தி சாய வருகிறேன் என்று போய்விட்டார்.

பிச்சையம்மாள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. மணல் அரிசி மாவு மாதிரிதான் இருந்தது. தண்ணீர் எது, காற்று எது என்று தெரியாத தெளிவு. கஸ்தூரியம்மாள் இறங்கி நின்று குனிந்து பார்த்தாள். பத்து விரலும் தெரிந்தன. ஒன்று, ரெண்டு என்று எண்ணினாள். மஞ்சள் கோடு போட்ட ஒரு மீன் அவள் கொலுசை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு சிரிப்பு வந்ததோ! சேலையோடு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அலை வந்து மடியில் ஏறிற்று, இறங்கிற்று. நாற்பது வயசுக்காரி சின்னப் பிள்ளை மாதிரி கையால் தண்ணீரை அடித்தாள்.

"ஏ அக்கம்மா, ஓடியாடி! இங்கன பாரு, நட்சத்திரம் கெடக்கு, உசுரோட!"

அக்கம்மாள் எங்கே ஓடிவர? முழங்கால் வரைக்கும் மணலில் புதைந்து கிடந்தாள். "வலி போற மாதிரித்தான்க்கா இருக்கு" என்று அங்கிருந்தே கத்தினாள். சுருளியாண்டி தூண்டில் போட்ட நாலாவது நிமிசம் ஒரு ஊளி மீனைத் தூக்கிவிட்டு, அதன் முன்னால் ஆடினான். ராக்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றார். கடலைப் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணியும் பாய்ச்சலுக்கு ஆகாது" என்றார். ஆனாலும் அலை வந்து அவர் காலைத் தொட்டபோது ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை.

வெயில் ஏறியது. அடுப்புக் கூட்டியாயிற்று. சோறு பொங்கலாம் என்று அக்கம்மாள் தவலையின் மூடியைத் திறந்தாள். வெறும் தவலை. அடுத்ததைத் திறந்தாள். அதுவும்.

"தண்ணி எங்கக்கா?"

கஸ்தூரியம்மாள் சுருளியாண்டியைப் பார்த்தாள். சுருளியாண்டி அண்ணனைப் பார்த்தான். தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று ஒருத்தருக்குமே தோன்றவில்லை! எப்படித் தோன்றும்? கூடலூர்க்காரன் போகிற இடத்துக்குத் தண்ணீரைச் சுமந்து போனதாகச் சரித்திரம் உண்டா? வயலுக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் குனிந்தால் கையில் தண்ணீர். விறகைக்கூடச் சுமந்து வந்த புத்திசாலிகள் தண்ணீரை விட்டுவிட்டார்கள். தேங்காயை உடைத்தார்கள். பத்தும் தண்ணீர் வற்றின முற்றல், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மடக்குத்தான் தேறியது. முறுக்கு தின்ற வாய்க்கு அது எந்த மூலைக்கு? அந்திவரைக்கும் படகும் கிடையாது.

யாரும் பார்க்காதபோது சோணை கடல் தண்ணீரை ரெண்டு கை அள்ளிக் குடித்துவிட்டது. வாயும் வயிறும் எரிந்து ஓவென்று அழுதது, கக்கியது. உதடு காய்ந்துபோய், "ஆத்தா, தண்ணி" என்று மடியில் வந்து சாய்ந்தது.

கஸ்தூரியம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கருப்பன் அங்கேயே ஒன்றும் செய்யவில்லை. இவ்வளவு தூரம் வரவிட்டு, சுற்றிலும் தண்ணீரை நிறுத்தி, பிள்ளை வாயில் ஒரு சொட்டு இல்லாமல் பண்ணிவிட்டார். இனி மறைத்து என்ன? சொல்லிவிடுவோம், புருசன் வைதாலும் சரி, திரும்பிப் போனதும் அப்பன் வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

"இந்தாங்க" என்றாள். "எல்லாம் என்னாலதான். நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்குக் கருப்பன்கிட்டப் பூப் போட்டம்ல..."

"பேச்ச அப்பறம் வச்சுக்க" என்றார் ராக்கையா. "ஏலே சுருளி, அந்த மம்பட்டியக் கொண்டா."

மம்பட்டி கைக்கு வந்ததும் மனுசனே வேறு ஆளாகிவிட்டார். கரையை விட்டு உள்ளே நடந்தார். நடுத்தீவில் பூவரச மரங்கள் கூட்டமாக நின்றன, இலை ஒவ்வொன்றும் தளதளவென்று. ஒரு இலையைக் கிள்ளி விரலில் நசுக்கிப் பார்த்தார். "இந்தக் காந்தல்ல இம்புட்டுப் பச்சையா நிக்கிது. உப்பத் தின்னுட்டா நிக்கும்? அடியில எங்கனயோ குடிக்கிது" என்றார்.

தண்ணீர் நிறுத்துகிற மாசத்தில் காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டுவது கூடலூரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை. அண்ணனும் தம்பியும் மாறி மாறித் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் மணல் நிறம் மாறியது. தொடை ஆழத்தில் ஈரம். இன்னும் ஒரு சாண் போனதும் குழியின் அடியில் கலங்கலாகக் கசிந்தது. சுருளியாண்டி பாய்ந்தான்.

"பொறுலே! ஊத்துக்கு அவசரப்படக் கூடாது. மொதத் தண்ணிய எறைச்சு ஊத்து" என்றார் ராக்கையா.

சிரட்டையால் இறைத்து ஊற்றினார்கள். மறுபடியும் ஊறியது. அதையும் ஊற்றினார்கள். மூன்றாவது தடவை ஊறிய தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. ராக்கையா ஒரு சிரட்டை மொண்டு வாயில் வைத்தார். ஒன்பது பேர் உயிரும் அவர் தொண்டையில் இருந்தது. விழுங்கினார். உதட்டை நக்கினார்.

"கொஞ்சம் சப்புன்னு இருக்கு. ஆனா நல்ல தண்ணிடா!"

சோணை மூன்று சிரட்டை குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. "நம்ம ஆத்துத் தண்ணிதான் ஆத்தா" என்றது. சுருளியாண்டி குழிக்குள் குதித்து ஆடப் போனவனை ராக்கையா பிடரியைப் பிடித்து வெளியே இழுத்தார். அக்கம்மாள் வலிக்கிற காலோடு குலவையே போட்டுவிட்டாள். கஸ்தூரியம்மாள் குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள்.

சோறு பொங்கியது, ஊளி மீன் குழம்பு கொதித்தது. அந்த ருசியைப் பற்றி அக்கம்மாள் இன்றைக்கும் பேசுகிறாள். சாப்பிட்டுவிட்டுப் பூவரச நிழலில் ஒன்பது பேரும் ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தார்கள். ராக்கையா பகலில் படுத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் குறட்டையே விட்டார். எழுந்தபிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சோணையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவரைக் கரையேற்றப் படகுக்காரர் வந்து மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

திரும்பும்போது பிள்ளைகள் முன்பக்கம் சிப்பி எண்ணிக்கொண்டிருந்தன. பின்பக்கம் புருசனும் பெண்டாட்டியும். கஸ்தூரியம்மாள் பாதியில் நின்ற பேச்சை முடித்துவிட நினைத்தாள்.

"இந்தாங்க, அப்ப நான் சொல்ல வந்தது..."

ராக்கையா வெற்றிலைப் பையின் சுருக்கை இழுத்தார். அடியில் கையை விட்டு ஒரு சின்ன வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நார் அவிழ்ந்திருந்தது. உள்ளே சருகாகிப்போன நந்தியாவட்டை.

அவள் அவிழ்ந்த நாரைத் தொட்டுப் பார்த்தாள். "பிரிச்சுப் பாத்துட்டீகளா?"

"இருபத்திரெண்டு வருசமாப் பொட்டலம் கட்டுற. அன்னைக்கு மட்டும் மிச்சப் பொட்டலத்த எடுக்க ஏன் முந்துறன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுமா வந்தீக?"

ராக்கையா ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"என்ன காரியம், என்ன காரியம்னு ஒன்னையக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கருப்பனையே ஏமாத்துற அளவுக்கு ஒருத்திக்கு ஆச இருந்திருக்கு. அதுக்கு மேல என்ன காரியம் வேணும்?"

கஸ்தூரியம்மாள் பூவைத் தண்ணீரில் விட்டாள். காய்ந்த பூக்கள் படகோடு கொஞ்ச தூரம் வந்தன.

"கருப்பன் கோவிச்சுக்கிட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கூட ஒரு கெடா வெட்டிரலாம்" என்றார் ராக்கையா. தீவைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த வருசம் நீ கட்ட வேணாம். ரெண்டு பொட்டலத்தையும் நானே கட்டுறேன்."